பறக்கும் கங்காணி

ஆள் தலைக்கு மேலே பறக்கவிடக் கூடாது. இது என் முதல் விதி. மொத்தம் பதினோரு விதிகள். எல்லாவற்றையும், என் குவாட்காப்டரை வைக்கும் பலகைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தேன். படிக்காமல் ஒரு நாளும் அதை வெளியே எடுத்ததில்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களை ஒரு தடவை பக்கத்தில் நிற்க வைத்து, நாலு விசிறியையும் முழு வேகத்தில் விட்டுக் காட்ட வேண்டும். அப்புறம் சிரிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாம்.

கல்யாண வீட்டில் போட்டோக்காரர்கள் ட்ரோன் என்று ஒன்றை மேலே பறக்க விடுவார்களே, அந்தச் சாதிதான் என்னுடையதும். நாலு கை, நாலு மோட்டார், நடுவில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பலகை, அடியில் பாட்டரி, முன்னால் கேமரா. ஒரே வித்தியாசம், அவர்கள் அதைக் கடையில் வாங்கினார்கள். நான் கட்டினேன்.

சேரம்பாடிக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் நான் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன். கொழுந்து விலை பாதாளத்துக்குப் போன வருஷங்கள் அவை. ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. மீதி மூன்று நாளில் பாதி ஆம்பிளைகள் பந்தலூருக்குப் போய்க் குடித்தார்கள். மீதிப் பாதி கேரளாவுக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்து குடித்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டு மிக்ஸி, டி.வி. கெட்டாலும் பார்த்துக் கொடுப்பேன். அதில் கிடைத்ததைக் கொண்டு மாதத்துக்கு ஒரு பாகம் என்று தபாலில் வரவழைத்தேன். பதினாலு மாதம் ஆனது.

முதல் தடவை அது பறக்கவில்லை, பேயாடியது. அதற்குக் காரணம் நான்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்று விடுகிற பெரிய பெரிய ஃபேன்களைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். அங்கே எல்லா ஃபேனும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். ஒன்று மாறிச் சுற்றினால் கொழுந்து வேகும், எனக்கு மெமோ வரும். பெட்டியில் வந்த நாலு விசிறியில் இரண்டு மாறு பக்கம் வெட்டியிருந்தன. சரி, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி, அவனைத் திட்டி இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். வேறு இரண்டு விசிறி வாங்கி, நாலு மோட்டாரையும் ஒரே பக்கம் சுற்றும்படி வயர் மாற்றினேன். ஒன்றுக்கொன்று மாறிச் சுற்றினால்தான் அது நிலையாக நிற்கும் என்பது பாலர் பாடம். அந்தப் பாடத்தில் நான் ஃபெயில்.

லயத்து வாசலில் ஸ்டார்ட் செய்தேன். எழும்பியது, எழும்பின வேகத்தில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு கோழிகளை விரட்டியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பெண்டாட்டி ரேணுகாவின் புதுச் சேலைக்குள் நுழைந்து, அதை ரிப்பன் ரிப்பனாகக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்து விழுந்தது. பக்கத்து வீட்டு மருதாம்பாள் அக்கா ஒரு அடி தள்ளி நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எழுதியதுதான் முதல் விதி.

“சேலை போனாப் போகுது,” என்றாள் ரேணுகா. “அக்கா மூக்கு போயிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?”

மற்ற விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆளிடமிருந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்குள் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும். பாட்டரியை மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும், ஏறி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு மறைய விடக் கூடாது. மூடுபனியில் விடக் கூடாது. யானை நடமாடும் காட்டுப் பக்கம் திருப்பக் கூடாது. பாட்டரி முப்பது சதவீதத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். அடைகாக்கிற கோழி மாதிரி நான் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரேணுகா தலையில் அடித்துக்கொள்வாள். அது அவளுடைய மீன் சட்டி.

பிறகு அது பறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத மைதானத்தில், தலை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரே இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. என் கை வைத்த இடத்தில் நிற்கிறது! எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. அப்போதுகூட நான் அப்படிக் கூத்தாடவில்லை. இதை ரேணுகாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இப்படி நான் பாட்டுக்கு இருந்தபோது மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

மேனேஜர் பெயர் பிராங்ளின். சென்னையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருந்துவிட்டு ஆறு மாதம் முன்னால்தான் மலையேறி வந்தவர். எங்கள் ஆட்கள் சிலோன் தோட்டத்தில் கற்றுக்கொண்ட பழக்கத்தில் மேனேஜரைத் தொரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அது கூச்சம். “சார்னு கூப்பிடுங்க” என்று கெஞ்சிப் பார்த்தார். “சரிங்க தொரை” என்றார்கள். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தேயிலைச் செடியை அதற்கு முன்னால் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறார்.

“விஜயன், உங்க ட்ரோனை ஞாயித்துக்கிழமை பார்த்தேன். சூப்பர்!” என்றார். நான் உச்சி குளிர்ந்து போனேன். அடுத்து அவர் சொன்னதில் குளிர் காலுக்கு இறங்கிவிட்டது.

நஷ்டத்தைக் காட்டி ஆறு கங்காணிகளில் நாலு பேரை ஆபீஸ் நிறுத்தியிருந்தது. பெண்கள் கொழுந்து எடுக்கிறார்களா, கதை பேசுகிறார்களா என்று பார்க்க ஆளில்லை. அதனால் என் காப்டர் தினமும் இரண்டு தடவை மலைமேல் பறந்து படம் எடுக்க வேண்டும். முக்கியமாக மூன்றாம் கேங்கை. அது இருபத்து நாலு டெம்பரரி பெண்கள் வேலை செய்கிற கேங். கோயம்புத்தூரில் இருக்கும் ஹெட் ஆபீஸ் ஏதாவது ஒரு கேங்கை நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். இந்த கேங் வேலை செய்யாமல் சுற்றுவது படத்தில் தெரிந்தால், இதையே நிறுத்திவிடுவார்களாம்.

“தொரை, என் வீட்டுக்காரி மூணாம் கேங்குங்க,” என்றேன்.

“அப்ப உங்களுக்கு அவங்க எல்லாரையும் தெரியும். நல்லதாப் போச்சு,” என்றார். மாட்டேன் என்றால் எஸ்டேட்டுக்குள் பறக்கவே விடக் கூடாது என்றும், ஃபேக்டரியிலும் ஆள் குறைக்க வேண்டியிருக்கிறது என்றும், சிரித்த முகத்தோடு சொன்னார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி லயத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. ரேணுகா சோற்றுத் தட்டை வைத்த சத்தத்தில் நாய் எழுந்து வெளியே போனது.

“பறக்கும் கங்காணி சாப்பிடுங்க,” என்றாள்.

“ரேணு, நான் என்ன செய்ய?”

“செய்ங்க. நல்லாச் செய்ங்க. எங்க தலைக்கு மேல அது வந்துச்சுன்னா, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால ஒரே போடு போட்டு எறக்கிருவேன். அதையும் படம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்புங்க.”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த இருபத்து நாலு பேரில் எட்டுப் பேர் வீட்டில் அவர்கள் கொண்டு வருவதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது. மூன்று நாள் ஃபேக்டரியில் எங்கள் வீடு மட்டும் தனியாக என்ன வாழ்கிறது? அவள் வேலை போனால் எங்கள் பெரியவள் கூடலூரில் படிப்பதும் போய்விடும். இதெல்லாம் மனதில் ஓட, நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது அவள் சொன்ன வார்த்தை ஒன்று எங்கோ இடித்தது. தலைக்கு மேல.

தலைக்கு மேலேதான் பறக்கவிடக் கூடாதே!

மறுநாள் காலையில் பெட்டி மூடியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் பதினோரு விதியையும் நின்றபடியே படித்தார். பிஸ்கட் கம்பெனியில் அவர் பாதுகாப்புக்கென்று பரிசு வாங்கினவராம். அது எனக்கு அப்போது தெரியாது. அவர் கண் கலங்கியது போல இருந்தது. “இந்த எஸ்டேட்டிலேயே ஒரு மனுஷன் சேஃப்டியைப் பத்தி யோசிச்சிருக்கார்,” என்று சொல்லி, மூடிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தினார். ஒரு விதியையும் மீறக் கூடாது, மீறினால் மெமோ என்றும் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அன்று காலை பத்து மணிக்கு ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போனேன். மூன்றாம் கேங் அங்கே நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. மீந்திருந்த இரண்டு கங்காணிகளில் ஒருவரான பழனியாண்டி விசில் வைத்திருப்பார். அவரிடம் மேனேஜர் கையெழுத்தைக் காட்டினேன்.

“மாமா, ஆளுக மேல பறக்கக் கூடாதுங்க. எல்லாரும் முப்பது மீட்டர் தள்ளி ரோட்டுக்கு ஏறணும்.”

“கொழுந்து எடுக்கறதை உட்டுட்டா?”

“தொரை உத்தரவு.”

பழனியாண்டி மாமா விசில் ஊதினார். இருபத்து நாலு பெண்களும் கூடையை இறக்கி வைத்து ரோட்டுக்கு ஏறினார்கள். நான் விசிறித் திருகுகளைச் சோதித்தேன். பாட்டரியைச் சோதித்தேன். காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். ரிமோட்டைச் சோதித்தேன். சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து சோதித்தேன். எல்லாம் முடிந்து பன்னிரண்டு நிமிஷம் பறந்து இறங்கி, மோட்டார் சூடு ஆறி, பெட்டி மூடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ரோட்டில் பிளாஸ்க் திறந்து, வெற்றிலை மடித்து, வீரம்மா தன் மருமகள் கதையைப் பாதிவரை சொல்லி முடித்திருந்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மீதிக் கதை.

நான் எடுத்த படம் அருமையாக வந்தது. பச்சைப் பசேலென்று தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், கீழே பள்ளத்தாக்கில் வெள்ளையாய் மஞ்சுப் பனி. மருந்துக்குக்கூட ஒரு மனிதர் இல்லை. மேனேஜர் லேப்டாப்பில் பார்த்தார். “ஆளுங்க எங்க?” என்றார்.

“சேஃப்டிக்காக ஒதுக்கியாச்சுங்க தொரை. ஆனா எந்தச் செடியில கொழுந்து விட்டுப்போயிருக்குன்னு தெரியுது பாருங்க.”

அவர் உற்றுப் பார்த்தார். எந்தச் செடியில் விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது. “வெரி குட்,” என்றார். வாரா வாரம் படங்களைச் சேர்த்து, பின்னால் ஒரு புல்லாங்குழல் இசையும் போட்டு, ஹெட் ஆபீசுக்கு அனுப்ப ஆரம்பித்தார்.

இதில் ஒரு கூத்து உண்டு. ஒன்பதாம் நம்பருக்கு எதிரே ஒரு பள்ளம் இருக்கிறது. அட்டைப் பூச்சிக்குப் பயந்து அங்கே யாரும் இறங்குவதில்லை. காப்டரை அந்தப் பள்ளத்துக்கு மேலே நிறுத்தினால், யார் தலைக்கு மேலேயும் போகாமல், எதிர்ச் சரிவில் வேலை செய்கிற அத்தனை பேரையும் முகத்துக்கு நேராகப் படம் எடுக்கலாம். விதி ஒன்றுகூட மீறாது. மலையில் ஒருத்தரைப் பார்க்க மேலே ஏறித்தான் பார்க்க வேண்டுமா என்ன? கங்காணிகள் காலங்காலமாக எதிர்மலையில் நின்றுதான் வேலை பார்ப்பார்கள். அங்கிருந்தே யார் கை சும்மா இருக்கிறது என்று சொல்வார்கள். இது எஸ்டேட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தரும் சொல்லவில்லை.

லயத்தில் என் மதிப்பு எகிறியது. மூன்றாம் கேங்கில் இருக்கும் மருதாம்பாள் அக்கா தினமும் கேட்பார்: “தம்பி, நாலு மணிக்கு ஒரு ஆட்டம் உட முடியாதா? காலு கடுக்குது.” அதே கேங்கில் இருக்கும் ஆண்டாயி தன் வீட்டில் பொரித்த நெத்திலியை எனக்குக் கொடுத்தனுப்பினாள். ரேணுகாவும் மீன் சட்டியைத் திருப்பிக் கேட்பதை விட்டுவிட்டாள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அப்படி மெச்சிக்கொள்ளும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஹெட் ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை என் பக்கம் தள்ளினார். நாலு வாரப் படங்களையும் டைரக்டர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கும் பார்த்தார்கள், மத்தியானம் இரண்டு மணிக்கும் பார்த்தார்கள். மூன்றாம் கேங் வேலை செய்யும் மலையில் ஒரு நாளும் ஒரு பெண்கூட இல்லை. ஆகவே அந்த கேங் வேலைக்கே வருவதில்லை என்று தெளிவாகிறது. திங்கள் முதல் நிறுத்திவிடவும்.

கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். “தொரை, அவங்க ரோட்டுல நின்னாங்க! நாந்தான் ஒதுக்கினேன்! நீங்க கையெழுத்துப் போட்டீங்களே!”

“சொன்னேன், விஜயன். போன்ல அரை மணி நேரம் சொன்னேன். அப்ப அவங்க வேலை செய்யற படத்தை அனுப்புங்கன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள.” அவர் மேசையைப் பார்த்தார். “ஒரே ஒரு நாள் விதியைத் தளர்த்திக்கலாமா?”

நான் எழுந்து வந்தேன். அவர் மேல் கோபமா, டைரக்டர்கள் மேல் கோபமா, என் மேலேயே கோபமா என்று தெரியவில்லை. புத்திசாலித்தனம் பண்ணி என் பெண்டாட்டி வேலைக்கு நானே உலை வைத்திருக்கிறேன். வழியில் கிடந்த கல்லை எட்டி உதைத்தேன். அது கல் இல்லை, நிலத்தில் புதைந்திருந்த வேர். கால் கட்டைவிரல் நகம் போனது.

சாயங்காலம் எங்கள் வாசலில் கேங் முழுக்கக் கூடிவிட்டது. நொண்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

“தலைக்கு மேலயே உடுங்க தம்பி,” என்றார் மருதாம்பாள் அக்கா. “தலை போனாப் போகுது. வேலை இருக்கட்டும்.”

“கூடையைக் கவுத்துத் தலையில மாட்டிக்கறோம்,” என்றார் வீரம்மா.

“கூடையை மாட்டிக்கிட்டா எப்பிடி அக்கா கொழுந்து தெரியும்?” என்றாள் ஆண்டாயி. அழுகிற மாதிரி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

நான் முடியாது என்றேன். பறக்கிறது எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு விசிறி தெறித்தால் ஒரு கண் போய்விடும். அவர்கள் கெஞ்சினார்கள். எனக்குக் கோபம் வந்து கத்தினேன். கத்தி ஓய்ந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த ரேணுகா சொன்னாள்:

“பள்ளத்துல நிறுத்தி எடுங்க.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். யாரும் அதுவரை சொல்லாத வார்த்தை.

“ரேணு, பள்ளத்துல இருந்து எடுக்கலாம்னு தொரைக்குத் தெரிஞ்சா, அப்புறம் தினமும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எடுக்கச் சொல்வாரு. நெசமாவே உங்க எல்லாருக்கும் நான் கங்காணி ஆயிருவேன்.”

“தெரியும்,” என்றாள். “நாளைக்கு எடுங்க. அதுக்கு அப்புறம் வர்றதை அப்புறம் பாக்கலாம்.”

புதன்கிழமை காலையில் பனி விலகியதும், பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பாறைமேல் நின்று காப்டரை எழுப்பினேன். பள்ளத்தின் நடுவில், கீழே ஒரு ஜீவன் இல்லாத இடத்தில் அதை நிறுத்தினேன். ரிமோட்டின் சின்னத் திரையில் எதிர்ச் சரிவு தெரிந்தது. இருபத்து நாலு பேரும் நிரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நாலு விரல், ஒரு கிள்ளு, தோளுக்குப் பின்னால் கூடையில் ஒரு வீச்சு. கண் பார்ப்பதற்கு முன்னால் கை அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. மருதாம்பாள் அக்கா கால் கடுக்கிறது என்று சொல்லவே சொல்லாதவர் போல ஏறினார். ரேணுகா கடைசி நிரையில் இருந்தாள். கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷம். அவள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது. அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து கேமராவைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நிமிஷமும் ஒரு கை நிற்கவில்லை.

படம் அன்றைக்கே கோயம்புத்தூர் போனது. புல்லாங்குழல் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மூன்றாம் கேங் வேலையில் இருக்கலாம்.

மேனேஜர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். “என்ன ஐடியா, விஜயன்! பள்ளத்துல இருந்து! இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க. திங்கக்கிழமையில இருந்து எல்லா கேங்கையும் இப்படியே எடுத்துடலாம். ஹெட் ஆபீஸ் எட்டு பாட்டரி சாங்ஷன் பண்ணிட்டாங்க. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவே வேண்டாம். ரெண்டு நிமிஷம் உக்காந்தாக்கூடத் தெரிஞ்சுடும்!”

“தெரிஞ்சுடுங்க, தொரை,” என்றேன்.

சனிக்கிழமை முழுக்கப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேணுகாவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பாறைக்குப் போனோம்.

பெட்டியைத் திறந்து பதினோரு விதியையும் படித்தேன். பாட்டரியைக் கழற்றி, கொண்டு போயிருந்த உப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். சும்மா தூக்கிப் போட்டால் தீப்பிடிக்கும். நாலு விசிறியையும் கழற்றினேன். ரேணுகாவைக் கீழே போகிற ஒற்றையடிப் பாதையில் நிற்கச் சொல்லி, யாராவது வந்தால் மறிக்கச் சொன்னேன். அங்கே மனுஷர் வந்து மாதக்கணக்கு ஆகிறது; இருந்தாலும் அவள் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவை விசில் அடித்தேன். பிறகு அதைப் பாறை விளிம்புக்குக் கொண்டு போய், கையை விட்டேன்.

நூறு அடி இருக்கும். இரண்டு இடத்தில் மோதிய சத்தம் கேட்டது. ரேணுகா மேலே ஏறி வரும்வரை நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். பிறகு கீழே இறங்கி, பிளாஸ்டிக்கைக் காட்டில் போடக் கூடாது என்பதால், உடைந்ததை எல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தோம். அட்டை மூன்று கடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களம். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் பேர் கொடுக்கக் கூடியிருக்கிற நேரம். மேனேஜர் புதுப் பாட்டரிப் பெட்டியோடு வந்து நின்றார். நான் சாக்கை அவர் காலடியில் அவிழ்த்தேன்.

“தொரை, நேத்து விழுந்துருச்சுங்க.”

அவர் குனிந்து ஒரு உடைந்த கையை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நீங்களா? முப்பது சதவீதத்துக்குக் கீழ ஒரு நாள்கூடப் பாட்டரியை இறக்காத ஆளு. எப்படி விழுந்துச்சு?”

“காத்துங்க.”

“நேத்து மத்தியானம் நான் ஷட்டில் விளையாடினேன், விஜயன். காத்தே இல்லை.”

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது எனக்கு இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் இருபத்து நாலு பேர் இருந்தார்கள்.

“நான் பாத்தேனுங்க, தொரை,” என்று பழனியாண்டி மாமா முன்னால் வந்தார். “சில்வர் ஓக்கு மரத்துல மோதுச்சுங்க.”

“இல்லீங்க தொரை, கழுகு அடிச்சுச்சு!” என்றார் வீரம்மா. “இவ்வளவு பெரிய கழுகு!”

“ஆத்துலதானே உளுந்துச்சு,” என்றாள் இன்னொருத்தி. “நான் துணி தொவச்சுக்கிட்டு இருந்தேன்.”

“ஆனை மிதிச்சதுங்க,” என்றாள் ஆண்டாயி.

“யானையா? பறக்கும்போதா?”

“எறங்கினப்பறமுங்க,” என்றாள் ஆண்டாயி, கொஞ்சமும் அசராமல்.

கேங் முழுக்க ஆளுக்கொரு இடத்தில் என் காப்டரை விழவைத்தார்கள். ஒருத்தி சொன்னது இன்னொருத்தி சொன்னதோடு ஒட்டவில்லை. கோயில் மேட்டில் விழுந்தது, ஃபேக்டரிப் புகைக்கூண்டில் விழுந்தது, மலையாளத்துப் பக்கம் போய் விழுந்தது. மேனேஜர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ரேணுகாவிடம் வந்து நின்றார்.

“நீங்களும் பாத்தீங்களா?”

“பாத்தேங்க தொரை. என் கண்ணு முன்னாலதான் விழுந்துச்சு, பாறையில இருந்து.” அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “வீட்டுக்கு வந்து, அந்தச் சாக்கை மடியில வச்சுக்கிட்டு அழுதாருங்க. புள்ளைக பாத்துரும்னு அடுப்படியில உக்காந்து அழுதாரு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் கையிலிருந்த உடைந்த பாகத்தை மெல்லச் சாக்கில் திரும்ப வைத்தார்.

அப்போது மருதாம்பாள் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “தம்பி அழுதது செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சுங்க, தொரை. அது மட்டும் நெசமுங்க.”